இறால் தொட்டிக்குள் இரண்டு படம்

அத்தாஉல்லாவிடம் எதைக் கேட்டாலும் பதில் வரும். சரியான பதில் வருமா என்பது வேறு விஷயம். கனமூலைச் சந்தியில் அவருடைய ஓட்டோவுக்குப் பக்கத்தில் நின்று கொழும்பு பஸ் எப்போது என்று கேட்டால், 'இப்ப வரும்' என்பார். மழை பெய்யுமா என்று கேட்டால், 'பின்னேரம்' என்பார். ஒருநாள் முதுகில் பெரிய பை சுமந்த வெள்ளைக்காரி ஒருத்தி தேசப்படத்தை விரித்து, ஏதோ பாஷையில் எதையோ கேட்டாள். இவர் ஒரு கணமும் யோசிக்காமல் தெற்குப் பக்கம் கையைக் காட்டினார். அவள் சிரித்துக் கும்பிட்டுவிட்டுத் தெற்கே நடந்தாள். எங்கே போய்ச் சேர்ந்தாளோ பாவம், இதுவரை முறைப்பாடு வரவில்லை.

வாய்தான் அவருக்குச் சோறு போட்டது. ஓட்டோவின் கூரையில் இரண்டு ஒலிபெருக்கிகள் ஆட்டுக் காது மாதிரி முன்னும் பின்னும் விறைத்துக்கொண்டு நிற்கும். ஜனாஸா அறிவித்தல், தண்ணீர் வராத நாள், நுளம்புக்குப் புகை அடிக்கிற நாள், காணாமல்போன கறுப்பு வெள்ளாடு, எல்லாம் அந்தத் தொண்டை வழியாகத்தான் ஊருக்குப் போகும். ஆடு கிடைத்தால் 'கிடைத்துவிட்டது' என்று அறிவிப்பார். ஒருமுறை கிடைக்காத ஆட்டுக்கும் 'கிடைத்துவிட்டது' என்று அறிவித்துவிட்டார். ஆட்டுக்காரர் சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஓடிவந்து, எங்கே, எங்கே என்று ஓட்டோவுக்குள் எல்லாம் எட்டிப் பார்த்தார். "ஊரே கவலைப்பட்டுக்கிட்டு இரிக்கே எண்டுதான் சொன்னேன் நானா," என்று அவரை அண்ணன் முறை சொல்லித் தேற்றினார் அத்தாஉல்லா.

இந்தப் பழக்கம் அவருக்குக் கற்பிட்டிக் கரையில் தொற்றியது. 1990இல், யுத்தத்தில் வடக்கு முஸ்லிம்களைத் துரத்தியதில், எருக்கலம்பிட்டியை விட்டு எல்லோரும் வெளியேற வேண்டி வந்தபோது அவருக்குப் பதினெட்டு வயது. உம்மாவும் அவரும் ஒரு வள்ளத்தில் வந்தார்கள். வாப்பாவை வேறு வள்ளத்தில் ஏற்றினார்கள், அல்லது ஏற்றவில்லை. அந்த நெரிசலில் யார் கண்டது? கரையில் இறங்கிய சனம் முழுவதும் ஒருவரை ஒருவர் பிடித்து, 'எங்கட ஆளக் கண்டீங்களா?' என்று கேட்டது. எல்லா வாயிலும் ஒரே சொல்: 'தெரியா'. உம்மா இவருடைய சட்டையைப் பிடித்து, "வாப்பா எங்கடா?" என்று கேட்டார். இவருக்கு அந்தச் சொல்லைச் சொல்ல வாய் வரவில்லை.

"பின்னால வாற வள்ளத்துல வாறாங்க உம்மா. நான் கண்டேன்."

காணவில்லை. ஆனாலும், யாரோ பள்ளியில் இருந்து கொண்டுவந்த கை ஒலிபெருக்கியை வாங்கி, கரைக்கு வந்த ஒவ்வொரு வள்ளத்தையும் பார்த்து வாப்பாவின் பெயரைக் கூப்பிட்டார். பக்கத்தில் நின்றவர்கள் தங்கள் ஆட்களின் பெயர்களை அவருடைய காதில் சொன்னார்கள். அவற்றையும் கூப்பிட்டார். மறுநாள் வாப்பா வந்து இறங்கினார், ஒரு காலில் மட்டும் செருப்போடு. உம்மா அப்போது வாப்பாவைப் பார்க்கவில்லை, மகனைத்தான் பார்த்தார், ஏதோ அவன்தான் கடலில் இறங்கி இழுத்துக்கொண்டு வந்த மாதிரி. அந்தப் பார்வையோடு அத்தாஉல்லாவின் தலைக்குள் ஒன்று குடியேறிவிட்டது: பதில் சொன்னால் ஆள் வரும்.

யுத்தம் முடிந்து நாலைந்து வருஷத்துக்குப் பிறகு, சிலாபத்து நிக்கொலஸ் இத்தாலியில் இருந்து திரும்பி வந்தார். அங்கே போனவர்கள் திரும்பி வந்தால் மாடி வீடு கட்டுவார்கள், அல்லது வேன் வாங்குவார்கள். இவர் ஒரு புரொஜெக்டரும் ஒரு பெட்டி நிறையப் படங்களும் கொண்டுவந்தார். மிலானோ நகரத்தில் ஒரு சின்னத் தியேட்டரில் தரை கூட்டப் போய், படம் ஓட்டப் பழகியவர். அந்தத் தியேட்டரில் சனி ஞாயிறு ஒரே டிக்கெட்டுக்கு இரண்டு படம் போடுவார்களாம். ஒன்று ஒரு தேசத்துப் படம், மற்றது உலகத்தின் மறு மூலையில் எடுத்த படம். கூட்டுமாறும் கையுமாக நின்று பார்த்துப் பார்த்து அது அவருக்குப் பைத்தியமாகவே பிடித்துவிட்டது.

முந்தல் ஏரிப் பக்கத்தில், வெள்ளைப் புள்ளி நோய் வந்து இறால் எல்லாம் செத்துக் கைவிட்டுப்போன ஹெச்சரி ஒன்று கிடந்தது. இறால் குஞ்சு பொரிக்க வைத்த மண்டபம். அதை எடுத்துத் தியேட்டர் ஆக்கினார் நிக்கொலஸ். ஏன் இதை என்று கேட்டவர்களுக்கு, "ஜன்னல் இல்லைதானே," என்றார். குஞ்சுகளுக்கு வெயில் படக் கூடாதென்று இருட்டாகக் கட்டியது, படத்துக்குத் தோதாகப் போயிற்று. உள்ளே வரிசையாகச் சீமெந்துத் தொட்டிகள். உடைப்பது பெரிய வேலை என்பதால் தொட்டிக்குள்ளேயே பிளாஸ்டிக் கதிரை போட்டார். முன் தொட்டி பிள்ளைகளுக்கு, இடது பக்கத் தொட்டி பெண்களுக்கு, வலது பக்கத் தொட்டி ஆண்களுக்கு. படம் பார்க்கப் போவதை ஊர் 'தொட்டிக்குள்ள இறங்குறது' என்று சொல்லத் தொடங்கியது. உள்ளே போனால் இறால் வாசம் இன்னும் போகவில்லை. தொடக்கத்தில் சிலர் சாப்பாடு தருவார்கள் என்றே நினைத்தார்கள்.

படங்களில் பேசுகிற பாஷை எதுவும் ஊருக்குத் தெரியாது. கீழே இங்கிலீசு எழுத்து ஓடும், ஓடுகிற வேகத்தில் வாத்திமாரே மூச்சு வாங்குவார்கள். நிக்கொலஸின் தமிழோ பாதி சிங்களம், தம்பி என்பதற்கே 'மல்லி' என்பார். ஆகவே மைக் பிடிக்கிற மனிதரைத் தேடி வந்தார்.

"மல்லி, படம் ஓடுற நேரம் நீங்க பக்கத்துல நிண்டு என்ன நடக்குது எண்டு தமிழ்ல சொல்லணும். இங்கிலீசு வாசிப்பீங்கதானே?"

"ஏன் வாசிக்காம?" என்றார் அத்தாஉல்லா. ஹோட்டல் போர்டு வரைக்கும் வாசிப்பார்.

முதலாவது சனிக்கிழமை, அஸர் தொழுகைக்குப் பிறகு படம் தொடங்கியது. பொழுது சாய்கிற மஃரிபுக்கு நிறுத்தி, தொழுதுவிட்டு வந்தபின் மற்றது என்பது நிக்கொலஸின் ஏற்பாடு. இது இரண்டு படம் என்று அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை. நம் சனத்துக்குத் தெரிந்த தியேட்டர் வழக்கம் ஒன்றுதான். நடுவில் லைட்டைப் போடுவார்கள், வெளியே போய்த் தேத்தண்ணி குடித்து, சுவரோரம் ஒதுங்கிவிட்டு வந்து மிச்சப் பாதியைப் பார்க்க வேண்டும்.

திரையில் மலை, கல் வீடுகள், ஒரு தாய், ஒரு மகன். மகன் தாய்க்குச் சொல்லாமல் லொறி ஒன்றில் ஏறினான். பிறகு கடற்கரை. பிறகு ஒரு படகு, அதற்குள் நெருக்கமாக ஆட்கள். பிறகு கடல். இன்னும் கடல். அதற்குப் பிறகும் கடல். திரை கறுத்து, புழு மாதிரி எழுத்துகள் மேலே ஊர்ந்தன. லைட் எரிந்தது, வெளியே பாங்கு கேட்டது.

"அன்பானவர்களே, பொடியன் கடல்ல போய்க்கிட்டு இரிக்கான்," என்று மைக்கில் சொன்னார் அத்தாஉல்லா. "தொழுதிட்டு வந்து, எங்க போய்ச் சேர்றான் எண்டு பாப்பம்."

சனம் கலைந்தது. பெண்கள் தொட்டியின் ஓரத்தில் ஒருவர் மட்டும் எழும்பவில்லை. உடப்பில் இருந்து கச்சான் கடலை விற்க வந்த செல்லாச்சி. இடைவேளைதான் அவருக்கு வியாபார நேரம், ஆனால் கடதாசிச் சுருள்கள் கூடையில் அப்படியே கிடந்தன. கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மகன் அதற்கு முந்தின வருஷம் ஒஸ்ரேலியாவுக்குப் போன படகு ஒன்றில் ஏறியதும், அதற்குப் பிறகு ஒரு போன் கோலும் வராததும் அந்தப் பாதையில் ஓட்டோ ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். அந்த நாட்களில் அந்தக் கரையில் அப்படி ஒரு கதை இல்லாத தெரு குறைவு.

அத்தாஉல்லா தொழுதுவிட்டுப் பிந்தி வந்தார். படம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. எங்கும் பனி. சின்னதொரு பேக்கரி. முகம் முழுக்க மாவு பூசிய ஒருவன் வாயே திறக்காமல் பாண் போட்டுக்கொண்டிருந்தான். மீசை வேறு இருந்தது. படகில் போனவனுக்கு மீசை இல்லையே என்று அவருக்குக் குழப்பம் வந்தது. காலம் போனால் மீசை வராதா என்று அதற்குப் பதிலும் வந்தது. மைக்கை எட்டிப் பிடித்தார்.

"போய்ச் சேந்திட்டான்! அல்ஹம்துலில்லாஹ், பொடியன் போய்ச் சேந்திட்டான்! குளிர் நாடு. பேக்கரியில வேலை!"

ஆண்கள் தொட்டியில் கைதட்டல். பெண்கள் தொட்டியில் செல்லாச்சி எழும்பி நின்றுவிட்டார். பின்னால் இருந்தவர்கள் மறைக்குது, மறைக்குது என்று கத்தியும் இருக்கவில்லை.

"அப்ப ஏன்டா கதைக்கிறானில்ல?" என்று கேட்டார் மீன் வியாபாரி நெய்னார். சந்தேகம் கேட்பதற்கென்றே டிக்கெட் எடுத்தவர்.

"பாஷை தெரியா. ஆரோட கதைக்கிறது?"

அது நெய்னாருக்கும் நியாயமாகப் பட்டது.

படம் முடியுமுன் செல்லாச்சிக்குக் கடைசி பஸ். அத்தாஉல்லா மைக்கை நெய்னாரிடம் கொடுத்துவிட்டு ஓட்டோவை எடுத்தார். பின்னால் ஒலிபெருக்கியில் நெய்னாரின் குரல் கேட்டது: "பாண். இன்னும் பாண். இப்ப… வேற பாண்."

"தம்பி," என்றார் செல்லாச்சி, பாதிவழியில். "அந்தப் பொடியன் தாய்க்கு ஒரு கோல் எடுக்கல்லயே."

"எடுப்பான்."

"எப்ப?"

"கடைசியில. படம் முடியுற இடத்துல."

"நீங்க முதலே பாத்ததா?"

"பாத்தேன்." பார்க்கவில்லை.

"எடுத்து என்ன சொல்றான்?"

"அம்மா எண்டு மட்டும்தான் சொல்றான். மத்தப் பக்கம் தாயும் ஒண்டும் பேசுறாவில்ல. ரெண்டு பேரும் அழுறாங்க."

செல்லாச்சி சந்தியில் இறங்கும்போது இரண்டு கச்சான் சுருளை சீட்டில் வைத்துவிட்டுப் போனார். அத்தாஉல்லா அவற்றைத் தின்றுகொண்டே, தான் சொன்ன முடிவு எவ்வளவு நல்ல முடிவு என்று நினைத்துத் தானே கொஞ்சம் கலங்கினார்.

அடுத்த சனிக்கிழமை, முதல் பாதியில் செத்து அடக்கமாகிய ஒரு கிழவர் மஃரிபுக்குப் பிறகு வேறொரு நாட்டில் பஸ் ஓட்டினார். "மௌத்தானது இவருடைய தம்பி," என்றார் அத்தாஉல்லா. அதற்கடுத்த கிழமை பாலைவனத்தில் ஒரு ஒட்டகம் தொலைந்தது. மிச்சப் பாதி முழுவதும் ஒரு புகையிரத நிலையத்தில் நாலு பேர் மழைக்கு ஒதுங்கி நின்றார்கள், ஒட்டகத்தைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. "ஒட்டகம் ரயில்ல வருது," என்றார். ரயில் வரவே இல்லை.

சனம் குழம்பியது. குழம்பிய சனம் தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து, கிழவருக்குத் தம்பி இருந்ததா, ஒட்டகத்தை ரயிலில் ஏற்ற விடுவார்களா என்று சண்டை பிடித்தது. பிறகு கேட்டவர்களையும் கூட்டிக்கொண்டு அடுத்த சனிக்கிழமை வந்தது. அவர்களும் வந்து குழம்பினார்கள். தொட்டிகள் நிரம்பி வழிந்தன. நிக்கொலஸுக்கு அத்தாஉல்லாவின் வேகமான தமிழ் பிடிபடாது. கூட்டத்தைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்ல படம் எண்டா சனம் வரும்தானே மல்லி," என்றார்.

செல்லாச்சி ஒரு கிழமையும் தவறவில்லை. ஒட்டகமும் கிழவரும் அவருக்கு ஒரு பொருட்டில்லை. ஓட்டோவில் ஏறியதும் பாண்காரனைப் பற்றித்தான் கேட்பார். அங்கே சோறு கிடைக்குமா? குளிருக்கு அவனிடம் கம்பளி இருந்ததா? அந்தக் கோல் எடுத்த பிறகு, மாதம் மாதம் எடுப்பானா? அத்தாஉல்லா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கம்பளி இரண்டு கொடுத்தார். சோற்றுக்கு ஒரு மலையாளிக் கடையையே அந்தப் பனிக்குள் கட்டிக் கொடுத்தார்.

ஆனால் உள்ளுக்குள் அவருக்கும் குழப்பம் முற்றிக்கொண்டுதான் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிக்கொலஸோடு பிளேன்டீ குடிக்கும்போது கேட்டுவிட்டார்.

"நிக்கொலஸ் அண்ணன், இந்தப் படக்காரங்க ஏன் இடைவேளைக்குப் பிறகு நடிகர்மார மாத்துறாங்க?"

"என்ன இடைவேளை?"

"மஃரிபுக்கு உடுற இடைவேளை."

நிக்கொலஸ் இவருடைய முகத்தைப் பார்த்தார். இவர் நிக்கொலஸின் முகத்தைப் பார்த்தார். இரண்டு முகத்திலும் ஒன்றும் இல்லை.

"அனே மல்லி, அது ரெண்டு படம். எல்லா நாளும் ரெண்டு படம்தானே! ஒண்டு ஒரு நாடு, மத்தது வேற நாடு. பக்கத்துல பக்கத்துல வச்சா ஒண்டோட ஒண்டு கதைக்கும். அதுக்குத்தான் வைக்கிறது."

"கதைக்குமா?"

"ஓ, நல்லாக் கதைக்கும்."

அத்தாஉல்லா கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப அந்தப் பாண்காரன்?"

"அவர் வேற படம்."

"படகுல போனவன்?"

"அவர் அங்கயே முடிஞ்சுது. கடல்ல."

"போய்ச் சேரல்லயா?"

நிக்கொலஸ் இத்தாலியில் பழகிய மாதிரி இரண்டு தோளையும் தூக்கிப் போட்டார். "படம் சொல்லல்ல மல்லி. அதுதான் படம்."

அன்று வீட்டில் சோற்றுத் தட்டுக்கு முன்னால் சும்மா குந்தியிருந்தார். மனைவி சுல்பா கறிச்சட்டியோடு வந்து பார்த்தார்.

"இஞ்ச, என்ன, சோறு அப்பிடியே இரிக்கி? மீன் சரியில்லையா?"

நடந்ததைச் சொன்னார். சுல்பா முதலில் சிரித்தார். செத்த கிழவர் பஸ் ஓட்டியதற்கு இன்னும் கொஞ்சம் சிரித்தார். செல்லாச்சியின் கதை வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"சொல்லிருங்க அந்தப் பொம்புளைக்கி."

"சொன்னா உடைஞ்சு போயிரும் சுல்பா. நான் சொல்றது ஒருக்காப் பலிச்சதுதானே. உம்மாக்கு வாப்பா வாறாங்க எண்டு சொன்னேன். வந்தாங்கதானே?"

சுல்பா கறிச்சட்டியை இறக்கி வைத்தார். "உங்கட வாப்பா வந்தது நீங்க சொன்னதாலயா, வள்ளம் வந்ததாலயா?"

அத்தாஉல்லா வாயைத் திறந்தார். முதல் தடவையாக அதற்குள் இருந்து ஒன்றும் வரவில்லை. சுல்பா அதை வெற்றியாக எடுத்துக்கொள்ளாமல், மீனின் நடுத்துண்டை அவருடைய தட்டில் வைத்தார்.

சொல்லத்தான் நினைத்தார். சனிக்கிழமை செல்லாச்சி அதற்கு இடம் கொடுக்கவில்லை. அவரே நிக்கொலஸிடம் போய்க் கெஞ்சி, அந்த முதல் நாள் படத்தைத் திரும்பப் போட வைத்துவிட்டார்.

"இண்டைக்கு பஸ்ஸுக்கு ஓட மாட்டன் தம்பி," என்றார். புதுச் சேலை கட்டியிருந்தார். "நீங்க என்னை வீட்டை கொண்டுபோய் விடுங்க. அவன் கோல் எடுக்கிறதப் பாத்துப்போட்டுத்தான் எழும்புவன்."

அத்தாஉல்லாவுக்கு அவசரமாக ஒரு யோசனை பிறந்தது. நெய்னாரைப் பிடித்து, மெயின் சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"நான் மைக்ல மூணு தரம் இருமினா, கரண்ட வெட்டிருங்க."

"ஏன்?"

"கேக்காதீங்க."

"கேக்காம எப்பிடி? பில் கட்டல்லயா? வயர் சோட் ஆகுதா?"

"நெய்னார் நானா, அல்லாவுக்காக!"

முதல் படம் ஓடியது. மலை, தாய், லொறி, படகு, கடல். சனம் தெரிந்த கதையைப் பார்க்கிற உரிமையோடு, 'இப்ப ஏறுவான் பாருங்க' என்று முன்கூட்டியே சொன்னது. தொழுகைக்குப் போய் வந்தார்கள். பனி வந்தது, பேக்கரி வந்தது. பாண்காரன் ஒரு தட்டு நிறையப் பாணைச் சுட்டு இறக்கினான். மைக்கில் அத்தாஉல்லாவின் குரல் அன்று மெலிந்து கிடந்தது. பாண், அடுப்பு, பனி என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

முதல் நாள் அவரும் செல்லாச்சியும் நின்று பார்க்காத பகுதி வந்தது. பாண்காரன் வாளித் தண்ணீரில் முகத்தைக் கழுவினான். மாவு போனது. உள்ளே இருந்தது நாற்பது வயது மனிதனின் முகம், பூனைக் கண். படகில் போனவனின் அண்ணன் என்றுகூடச் சொல்ல முடியாது. முதல் நாளே இதைப் பார்த்துக் குழம்பிய தொட்டிகளில் மறுபடி முணுமுணுப்பு எழுந்தது. பேக்கரிச் சுவரில் ஒரு டெலிபோன் தொங்கியது. அவன் ஈரக் கையோடு அதை நோக்கி நடந்தான்.

"எடுக்கப் போறான்," என்றார் செல்லாச்சி. சின்னக் குரல்தான், ஆனால் எல்லாத் தொட்டிக்கும் கேட்டது.

அவன் டெலிபோனுக்குக் கிட்டப் போனான். கையை நீட்டினான். பக்கத்தில் ஆணியில் தொங்கிய துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். லைட்டை அணைத்துவிட்டு வெளியே போனான்.

செல்லாச்சி திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இருந்திருந்தால் அத்தாஉல்லா சமாளித்திருப்பார். கோபம் இல்லை, வெறும் குழப்பம். கற்பிட்டிக் கரையில் அவருடைய சட்டையைப் பிடித்த உம்மாவின் முகமும் அப்படித்தான் இருந்தது. திரையில் பேக்கரியின் இருட்டு ஜன்னல் மட்டும் இன்னும் தெரிந்தது. இப்போதும் எதையாவது சொல்லலாம். வெளியே போய்க் கோல் எடுக்கிறான் என்று சொல்லலாம், சனம் நம்பும். இருமல் தொண்டை வரைக்கும் வந்து நின்றது. அதை விழுங்கினார்.

"இவன் அவனில்ல," என்றார் மைக்கில். "இது வேற படம். எப்பவும் ரெண்டு படம்தான் ஓடினது. நான்தான் முடிச்சுப் போட்டது. படகுல போன பொடியன்… அவன் எங்க எண்டு…" மைக் கீச்சிட்டது. "எனக்குத் தெரியா."

சந்தேகம் கேட்கப் பிறந்த நெய்னார், இருமல் வராவிட்டாலும் இதுதான் அந்தக் கட்டம் என்று முடிவெடுத்து, சுவிட்சை வெட்டினார். ஜன்னல் இல்லாத மண்டபம் கும்மிருட்டானது. பிள்ளைகள் கத்தின. ஆண்கள் தொட்டியில் இருந்து கேள்விகள் பறந்தன.

"அப்ப செத்த கிழவர்?"

"அவரும் வேற!"

"தம்பி இல்லையா?"

"இல்ல!"

"ஒட்டகம்?"

"தெரியா!" என்று இருட்டில் கத்தினார் அத்தாஉல்லா. இந்த முறை அந்தச் சொல் கொஞ்சம் சுலபமாக வந்தது. அப்போதுதான் நிக்கொலஸ், "என்ன மல்லி, ஏன் சண்டை, படம் நல்லாயில்லையா?" என்று இருட்டுக்குள் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு வந்தார்.

ஓட்டோ உடப்புக்குப் புறப்பட்டது. முந்தல் தாண்டியதும் செல்லாச்சி வாயைத் திறந்தார்.

"உங்கட வாய்க்குப் பூட்டுப் போடோணும்."

"ஓம் அக்கா."

"கம்பளி ரெண்டு எண்டீங்க."

"ஓம்."

"மலையாளிக் கடை?"

ஏரிக் காற்று ஓட்டோவின் பக்கச் சீலையைப் படபடவென்று அடித்தது. கொஞ்சத் தூரம் போனபின் செல்லாச்சி அவரிடம் சொல்லாமல், கூடையிடம் சொல்கிற மாதிரிப் பேசினார்.

"எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தது. போட்டில ஏத்தினவன் சொன்னான், போய்ச் சேந்திட்டாங்கள் எண்டு. சாத்திரக்காரன் சொன்னான், மேற்குப் பக்கமா சுகமா இருக்கிறான் எண்டு. மேற்கில என்ன ஒஸ்ரேலியா? நானும் தலையாட்டினன். திரௌபதை அம்மனுக்குத் தீ மிதிச்சன், அங்க பக்கத்தில நிண்டவளும் சொன்னாள், வந்திடுவான் எண்டு. பிறகு நீங்க. எல்லாருக்கும் தெரியுமெண்டதால, நான் ஒரு இடமும் போய்க் கேக்கல்ல தம்பி. தெரிஞ்ச விசயத்த ஆரிட்டப் போய்க் கேக்கிறது?"

அத்தாஉல்லா வேகத்தைக் குறைத்தார்.

"தெரியாதெண்டா," என்றார் செல்லாச்சி, "எங்க போய்க் கேக்கோணும்?"

பதில் நாக்கு நுனிக்கு ஓடி வந்தது, வழக்கம் போல, தெற்கே கையைக் காட்டுகிற மாதிரி. அத்தாஉல்லா அதைப் பிடித்து நிறுத்தினார்.

"தெரியாக்கா. சிலாபத்தில இரிந்து தொடங்குவம். அங்க தெரியாட்டி கொழும்பு. காணாமப் போன ஆக்கள விசாரிக்கிற இடம் ஒண்டு இரிக்கோணும். திங்கக்கிழமை வாறேன்."

"நீங்க கதைப்பீங்களா?"

"கேப்பேன். கதைக்க மாட்டேன்."

செல்லாச்சிக்கு அதில் கொஞ்சம் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது. கண்ணாடியில் சரியாகத் தெரியவில்லை. வீட்டுப் படலைக்கு முன்னால் ஓட்டோ நின்றது. அவர் இறங்கிக் கூடையை இடுப்பில் வைத்தார். அப்போதுதான் அத்தாஉல்லாவுக்கு ஒன்று உறைத்தது. ஊர் ஆடுகளுக்கெல்லாம் காதில் உள்ள அடையாள வெட்டு வரைக்கும் விசாரித்து அறிவித்தவர், இவ்வளவு நாளும் இதைக் கேட்கவே இல்லை.

"அக்கா, மகன்ட முழுப் பேர் என்ன?"

நீண்ட நாளாக யாரும் கேட்காததால், செல்லாச்சி அந்தப் பெயரை எங்கே வைத்தோம் என்று தேடுகிற மாதிரி நின்றார்.

"நிரோஜன். தில்லையம்பலம் நிரோஜன்."

ஒலிபெருக்கி அணைந்து கிடந்தது. அத்தாஉல்லா ஹாண்டிலைப் பிடித்தபடி அந்தப் பெயரை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார், திங்கட்கிழமை பிழையாகச் சொல்லிவிடக் கூடாதென்று.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க தம்பி," என்றார் செல்லாச்சி.